சிகரெட் தாளும் சிவப்பு மையும்

சென்ற மாதம் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன். என் தங்கையின் பேரன் அங்கே ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். போன காரியம் வேறு, வங்கிப் படிவம் ஒன்றில் அவன் கையெழுத்து வேண்டியிருந்தது. "அஞ்சு நிமிஷம் இரு தாத்தா, இந்த ஜாப்பை ஏத்திட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது சி.என்.சி. மெஷின். உள்ளே ஓர் அலுமினியக் கட்டி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. மேலிருந்து ஒரு மெல்லிய ஊசி இறங்கியது. அதன் நுனியில் மூக்குத்திக் கல் அளவுக்குச் சிவப்பாக ஒரு மணி. அது கட்டியின் பக்கவாட்டில் போய் லேசாகத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. பிறகு அடுத்த பக்கம், பிறகு தலைமேல். கண் தெரியாதவர் முன்னால் இருப்பது யார் என்று முகத்தைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி இருந்தது.

"என்னப்பா பண்ணுது அது?"

"ஜாப் எங்க இருக்குன்னு தேடுது தாத்தா. அது தெரியாம கட்டர் எப்படி வெட்டும்?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கோ மூலையில் கிடந்த ஒரு விஷயம் அப்போது முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். நடுவில் கொஞ்சம் வரலாறு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978-ல் நான் அரசுப் பயிற்சிப் பட்டறை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் எல்.டி.சி. வயது 27. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும் அரசாங்கத்தில் சேர்ந்தவன். என் ஆங்கிலத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே விதிமுறைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எந்த இண்டென்ட் வந்தாலும் ஒரு தப்பாவது கண்டுபிடிப்பேன்.

ஒரு நாள் மில்லிங் பிரிவு மாஸ்டரிடமிருந்து ஓர் இண்டென்ட் வந்தது. கட்டர், எண்ணெய், பருத்திக் கழிவு, இவற்றோடு கடைசி வரியில் 'சிகரெட் சுருட்டும் தாள், 24 கட்டு'. நான் சிரித்துவிட்டேன். சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, பக்கத்தில், அரசுப் பணத்தில் புகைபிடிக்க விதியில் இடமில்லை என்று நக்கலாக ஒரு வரியும் எழுதி அனுப்பினேன். பிரிவில் இருந்த நாலு பேருக்குக் காட்டி வேறு சிரித்தேன்.

மாஸ்டர் சண்டைக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், காக்கிச் சட்டை, ஒரு கை சுட்டுவிரலில் நகம் கிடையாது. "தம்பி, ஒரு பத்து நிமிஷம் கீழ வர்றீங்களா?" என்றார். போனேன்.

மில்லிங் மெஷினில் 20 மில்லி கட்டர் மாட்டியிருந்தது. வைஸில் ஓர் இரும்புத் துண்டு. "இந்த ஓரத்துலேருந்து சரியா 35 மில்லியில ஒரு காடி வெட்டணும். ஓரம் எங்க இருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றார். கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேசை 5 மில்லி நகரும். டயலில் 250 கோடு. ஆக ஒரு கோட்டுக்கு 0.02 மில்லி. நகர்வை அவ்வளவு நுணுக்கமாக எண்ண முடியும். ஆனால் எங்கிருந்து எண்ணுவது?

பையிலிருந்து சிகரெட் தாளை எடுத்தார், சொந்தக் காசில் வாங்கியது. நீளமாக ஒரு துண்டு கிழித்து, எண்ணெய் தொட்டு, இரும்பின் பக்கவாட்டில் ஒட்டினார். கட்டரைச் சுழலவிட்டார். மேசையை அங்குலம் அங்குலமாக அல்ல, கோடு கோடாக நகர்த்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திடீரென்று 'சர்' என்று தாள் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இரும்பில் ஒரு கீறல் கூட இல்லை.

"இப்ப கட்டருக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு தாள் கனம்தான். அரைக்கால் பங்கு மில்லி கூட இல்ல, நாற்பதுல ஒண்ணு. இனி கட்டரை மேல தூக்கி, அதுல பாதி, பத்து மில்லி, அதோட தாள் கனமும் சேர்த்து நகர்த்தினா, கட்டர் நடு சரியா ஓரத்து மேல நிக்கும். அங்க டயலை ஜீரோ வைக்கணும். அப்புறம்தான் 35."

பிறகு சொன்னார்: "சாதாரணத் தாள் கனம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இது எப்பவும் ஒரே கனம். பதினொரு வருஷமா நானே வாங்கிக்கிறேன். எனக்குப் பின்னால வர்றவன் வாங்குவானோ மாட்டானோன்னுதான் எழுதினேன்."

எனக்கு அது குமாஸ்தா பாஷையில் உடனே விளங்கியது. ஆரம்ப இருப்பு! பேரேட்டில் கூட்டல் கழித்தல் அத்தனையும் பைசா சுத்தமாக இருக்கலாம். முதல் வரியில் ஆரம்ப இருப்பு தவறென்றால் கடைசிப் பக்கம் வரை தவறுதான். கூட்டியவன் மேல் குற்றமே இருக்காது. பாடாவதியாவது ஜாப்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியம். அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வருகிற காகிதங்களில் தப்பு தேடிய அதே குணம், கொஞ்சம் நல்ல வழியில் திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கருவி எங்கே நிற்கிறது, வேலைப்பொருள் எங்கே நிற்கிறது என்ற கேள்வியை மனிதன் தீவிரமாகக் கேட்க ஆரம்பித்தது நீராவி என்ஜின் காலத்தில். ஜேம்ஸ் வாட் என்ஜின் வரைந்துவிட்டார், ஆனால் உருளையைச் சரியாகக் குடைய ஆள் இல்லை. அதுவரை குடையும் தண்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கியிருந்தார்கள். வார்ப்பு எங்கெல்லாம் கோணியிருந்ததோ அங்கெல்லாம் வெட்டும் தலையும் கூடவே கோணிக்கொண்டு போயிற்று. அதாவது கருவி எங்கே போக வேண்டும் என்பதை, கோணல் வார்ப்பே தீர்மானித்தது. 1775 வாக்கில் ஜான் வில்கின்சன் தண்டை உருளையின் ஊடாக விட்டு இரு முனையிலும் தாங்கினார். இனி தண்டு சொல்வதை வார்ப்பு கேட்கும். 50 அங்குல உருளை ஒன்றில், தேய்ந்த ஷில்லிங் காசின் கனத்துக்கு மேல் எங்கும் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் பெருமையாக எழுதினார். அன்றைய பெருமைக்கு அளவு ஒரு செல்லாக்காசு கனம்! மாஸ்டரின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லேத்தில் கருவியைக் கையால் பிடிப்பதை விட்டு, வழுக்கும் வண்டியில் மாட்டியது அடுத்த படி. ஆங்கிலேயர்கள் ஹென்றி மாட்ஸ்லியைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் விட்டுக்கொடுக்க முடியாது: வோக்கான்சோன் 1751 வாக்கில் செய்த லேத்தில் அந்த வண்டி இருக்கிறது. பாரீஸில் ஆர்ட் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். தானியம் தின்று கழிவதாகக் காட்டிய இயந்திர வாத்தைச் செய்தவரும் அவர்தான். ஆனால் நியாயத்தைச் சொன்னால், 1800-ஐ ஒட்டி மாட்ஸ்லி செய்ததுதான் தொழிலை மாற்றியது. நல்ல திருகாணி ஒன்றை உருவாக்கி, வண்டியை அதன் பிடியில் கொடுத்தார். தன் மேசையில் ஓர் அளவுக் கருவியும் வைத்திருந்தார். அதற்கு அவர் பட்டறையில் 'லார்ட் சான்சலர்' என்று பெயர். தகராறு வந்தால் அதன் தீர்ப்பே முடிவு, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

திருகாணி வந்ததும் தூரத்தைச் சுற்றுக் கணக்காக எண்ண முடிந்தது. ஆனால் அதோடு ஒரு நோயும் வந்தது. திருகாணிக்கும் மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். ஒரு பக்கம் சுற்றிவிட்டுத் திருப்பிச் சுற்றினால், கைப்பிடி நகரும், மேசை நகராது. நம் பட்டறைக்காரர்கள் 'ப்ளே இருக்கு' என்பார்கள். பிரெஞ்சிலும் 'ழெ' என்றுதான் பெயர், அதற்கும் விளையாட்டு என்றுதான் பொருள். மருந்து எளிது: எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து சேர வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் நன்றாகப் போய் மறுபடி வர வேண்டும். மாஸ்டர் இதைப் பையன்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே வாசகர் சிலர், 'வெர்னியரை விட்டுவிட்டீரே' என்பீர்கள். விடவில்லை. பியேர் வெர்னியே ஓர்னான் ஊர்க்காரர். இப்போது அது பிரான்ஸ், அன்று ஸ்பானிய மன்னர் ஆட்சி. 1631-ல் பிரசெல்ஸில் தன் நூலை வெளியிட்டார். மைக்ரோமீட்டருக்கு 1848-ல் பாரீஸில் காப்புரிமை வாங்கியவர் பால்மேர். 1867 பாரீஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கர்கள் பிரவுனும் ஷார்ப்பும் ஊருக்குப் போய்ச் செய்து உலகத்துக்கே விற்றார்கள். பிரெஞ்சில் இன்றும் மைக்ரோமீட்டருக்கு 'பால்மேர்' என்றே பெயர். எங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதை யாரோ பழைய ஆள் 'பால்மர்' என்று எழுதி வைத்திருக்க, தைல மரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்த காலமும் உண்டு.

ஆனால் இவை பெரும்பாலும் வெட்டி முடித்த பிறகு அளப்பவை. செலவான பிறகு வரும் தணிக்கை மாதிரி. வெட்டுவதற்கு முன்பே கருவியைச் சரியான இடத்தில் நிறுத்துவது வேறு வித்தை.

ஒரு தகட்டில் இரண்டு துளைகள், நடுவுக்கு நடு தூரம் நூறில் ஒரு மில்லி கூடப் பிசகக் கூடாது என்றால் என்ன செய்வது? பழைய டூல் ரூம் ஆட்களின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. 'பட்டன்' முறை என்று பெயர். துளை வர வேண்டிய இடத்தில் முதலில் உத்தேசமாக ஒரு சின்ன மரைத் துளை போடுவார்கள். அதில் கடினப்படுத்திய, உருண்டையான எஃகுப் பட்டனைத் திருகாணியால் தளர்வாக மாட்டுவார்கள். பட்டனின் ஓட்டை திருகாணியைவிடப் பெரிது, அதனால் பட்டன் அப்படி இப்படி நகரும். மைக்ரோமீட்டரால் இரண்டு பட்டன்களுக்கும் இடையே அளந்து அளந்து, லேசாகத் தட்டித் தட்டி, சரியான இடம் வந்ததும் இறுக்குவார்கள். பிறகு தகட்டை லேத்தின் முகப்பில் கட்டி, பட்டன் துளியும் ஆடாமல் சுழலும் வரை டயல் காட்டியை வைத்துச் சரிசெய்வார்கள். இப்போது லேத்தின் மையமும் பட்டனின் மையமும் ஒன்று. பட்டனைக் கழற்றிவிட்டு அங்கேயே குடைந்தால் துளை சரியான இடத்தில் விழும். ஒரு துளைக்கு அரை நாள் போகும். உத்தேச மரைத் துளை எவ்வளவு தப்பாக இருந்தாலும் கவலையில்லை என்பதுதான் இதில் அழகு.

அரை நாளைச் சில நிமிடமாக்கியவர்கள் ஜெனீவாக்காரர்கள். 1862-ல் ஒகுஸ்த் த லா ரீவ், மார்க் துய்ரி இருவரும் அங்கே இயற்பியல் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'சிப்' என்பார்கள். கடிகாரத் தகடுகளில் துளை விழ வேண்டிய இடத்தைப் புள்ளியிட ஒரு மெஷின் செய்தார்கள், 'மஷின் அ புவந்தே'. புள்ளி வைக்கும் மெஷின், அவ்வளவுதான் பொருள். பிறகு 1921-ல் அதே தத்துவத்தில் பெரிய அளவில், புள்ளியோடு நிற்காமல் துளையையே குடையும் மெஷின் வந்தது. ஜிக் போரிங் மெஷின் என்று இன்று சொல்வது இதைத்தான்.

அதில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குற்றமற்ற திருகாணியை யாராலும் செய்ய முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிறந்த திருகாணியைச் செய்துவிட்டு, அதில் எந்தச் சுற்றில் எத்தனை மைக்ரான் தப்பு என்று அளந்தார்கள். அந்தத் தப்பை அப்படியே ஓர் உலோகப் பட்டையின் ஓரத்தில் மேடு பள்ளமாக அரத்தால் ராவி வைத்தார்கள். மேசை நகரும்போது ஒரு நெம்புகோல் அந்த ஓரத்தில் ஊர்ந்து, டயலின் குறியைத் தப்புக்கு ஏற்றபடி முன்பின் தள்ளும். புத்தகத்தின் பிழைதிருத்தப் பட்டியலை இரும்பில் எழுதி, புத்தகத்தோடேயே கட்டிவிட்ட மாதிரி. தன் தப்பைத் தானே அளந்து, எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வைத்திருந்த மெஷின் அது. அந்த வயதில் எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் பதினொன்றரை மைக்ரான் நீளும். எல்லா அளவும் 20 டிகிரியில் என்று 1931-ல் சர்வதேச அளவில் முடிவு செய்தார்கள். நம் ஊர் மே மாதம் 38 டிகிரி. கணக்குப் போட்டால் மீட்டருக்கு 0.2 மில்லி. எட்டுச் சிகரெட் தாள்!

அடுத்த கதை அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டியில். ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். 1940-களின் பிற்பாதி. இறக்கையின் வளைவை 200 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் கட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று துளையட்டை இயந்திரத்தில் கணக்கிட்டார்கள், அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனின் யோசனை. பிறகு பட்டறையில் ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் நீளவாட்டக் கைப்பிடி, இன்னொருவர் குறுக்குவாட்டக் கைப்பிடி. எண் வந்ததும் இருவரும் திருப்பி நிறுத்த, கட்டர் இறங்கும். நாங்கள் அலுவலகத்தில் தட்டச்சுப் பிரதியை ஒருவர் படிக்க ஒருவர் ஒப்புப் பார்ப்போமே, அதேதான். அந்த மூன்று பேரின் இடத்தில் ஒரு நாடாவை வைக்க முடியாதா என்று பார்சன்ஸ் 1949-ல் எம்.ஐ.டி.யை அணுகினார். 1952-ல் வால்வுகள் நிறைந்த அலமாரிகளோடு ஒரு மில்லிங் மெஷின், துளையிட்ட நாடாவைப் படித்து வெட்டிக் காட்டியது. பேரனின் சி.என்.சி.க்கு அதுதான் பாட்டனார்.

ஆனால் நாடாவுக்கும் ஆரம்ப இருப்பு தெரியாது. 35 போ என்றால் போகும். எங்கிருந்து என்று யாராவது சொல்ல வேண்டும். மெஷின் எண்ணால் ஓட ஆரம்பித்த பிறகும், ஒரு மனிதர் குனிந்து நின்று, தாளோ தகடோ டயல் காட்டியோ வைத்து ஜீரோவைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

அதை மெஷினே செய்ய வழி பிறந்தது கான்கார்ட் விமானத்தால். 1969 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை, தூலூஸில் அது முதன்முதலாகப் பறந்தது. திங்கட்கிழமை எங்கள் வாத்தியார் பாடமே எடுக்கவில்லை, கரும்பலகை முழுக்க விமானம் வரைந்தார். அதன் என்ஜினை ரோல்ஸ் ராய்ஸும் பிரான்ஸின் ஸ்னெக்மாவும் சேர்ந்து செய்தன. அந்த என்ஜினின் மெல்லிய குழாய்களை அளப்பது பெரும்பாடாக இருந்தது. விறைப்பான ஊசியால் தொட்டால், குழாய் வளைந்துகொடுத்து அளவைப் பொய்யாக்கிவிடும். ரோல்ஸ் ராய்ஸில் இருந்த டேவிட் மக்மர்ட்ரி 1972-ல் இதற்கு ஒரு வழி கண்டார். ஊசியின் அடியில் மூன்று குறுந்தண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகளின் மேல் அமர்ந்திருக்கும். ஆறு தொடு இடங்கள், அவற்றின் வழியே மெல்லிய மின்னோட்டம். ஊசி நுனி எதையாவது மிக லேசாகத் தொட்டாலும் ஒரு தொடுகை தளரும், மின்னோட்டம் மாறும், அந்தக் கணத்தில் மேசை எங்கே நிற்கிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். தொட்டுவிட்டு விலகியதும் மூன்று தண்டுகளும் தம் இருக்கைகளில் அதே இடத்தில் வந்து உட்காரும், மைக்ரான் கணக்கில். மறுபடி மறுபடி அதே இடத்தில் உட்காருவதுதான் முக்கியம். அடுத்த ஆண்டே அவரும் ஜான் டியரும் ரெனிஷா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் அளக்கும் மெஷின்களில் இருந்தது, பிறகு வெட்டும் மெஷின்களுக்கும் வந்தது. நுனியில் இருப்பது செயற்கை மாணிக்கம். தேயாது, வழவழப்பாக இருக்கும்.

சேதராப்பட்டில் நான் பார்த்தது இதன் வம்சம்தான். ஆகப் பாருங்கள், மாஸ்டர் என் முன்னால் தாள் ஒட்டிக் காட்டிய 1978-ல், மாணிக்க ஊசிக்கு வயது ஆறு. எங்கள் பட்டறைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் இண்டென்ட் என் மேசையைத் தாண்டியிருக்காது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாடிக்கு வந்ததும் அந்த இண்டென்டைத் திரும்ப வாங்கி, என் சிவப்பு வரியின் மேலேயே கையெழுத்திட்டு ரத்து செய்தேன். 24 கட்டு வந்து சேர்ந்தது. அடுத்த தணிக்கையில் பிடித்துக்கொண்டார்கள்: சிகரெட் தாள் எந்த அரசுப் பணிக்கு? நான் எழுதிய அதே நக்கல், இன்னொருவர் கையெழுத்தில். முழுப்பக்கப் பதில் எழுதினேன், கட்டர், ஓரம், தாள் கனம், ஜீரோ எல்லாம் விளக்கி, படமும் போட்டு. ஏற்கவில்லை. மறு ஆண்டும் எழுதினேன். மூன்றாவது ஆண்டு ஒரு தணிக்கையாளர் நேரில் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். பயிற்சி முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன்தான் தாள் ஒட்டிக் காட்டினான். தாள் பிடுங்கிக்கொண்டு போனதும் அவர் ஒரு அடி பின்னால் துள்ளினார். ஆட்சேபணை கைவிடப்பட்டது.

மாஸ்டர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டோம், டீயும் சமோசாவும் கொடுத்தோம். நானும் இரண்டு வார்த்தை பேசினேன், நேரம் தவறாமை பற்றி. சிவப்பு மை விஷயத்தை அங்கே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர் போகும்போது என் மேசைப் பக்கம் வந்து, "ஸ்டாக்ல இன்னும் பத்தொன்பது கட்டு இருக்கு தம்பி, எலி கடிக்காம பாத்துக்குங்க" என்றார்.

இரும்பு அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடமே இருந்தது.